ஒரு வேலி நிலம், ஒரு நிரல்: பிஃபஞ்ச் மொழிக்கு ஓர் அறிமுகம்

தஞ்சாவூர்க் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக ஒரு வேலிக்கு 2000 குழி. பிஃபஞ்ச் என்ற நிரல்மொழியில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் இடம் 80 பத்தி, 25 வரி. பெருக்கிப் பாருங்கள், அதுவும் 2000 கட்டம்தான். அந்தக் காலக் கணினித் திரையில் ஒரே நேரத்தில் தெரிந்த எழுத்துகளின் அளவு அது. வேலிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் இந்தப் பொருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிஃபஞ்சைப் பக்கமாக நினைத்துப் படித்தால் புரியாது, நிலமாக நினைத்து நடந்தால் புரியும்.

கிறிஸ் பிரெஸ்ஸி என்பவர் 1993ல் உருவாக்கிய மொழி இது. கம்பைலர் (நிரலை ஓட்டுவதற்கு முன்பே முழுவதுமாக இயந்திர மொழிக்கு மாற்றிவைக்கும் மென்பொருள்) எழுதுவதற்கு முடிந்த அளவு கடினமாக ஒரு மொழியைச் செய்ய வேண்டும் என்பதே அவர் வைத்துக்கொண்ட இலக்கு. இதில் வேலைவாய்ப்பு கிடையாது, யாரும் இதில் வங்கி மென்பொருள் எழுதுவதில்லை. ஆனால் நிரல் ஓடுவது என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி குறைவு. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, ஒரு புளியங்கொட்டை, பென்சில், அழிரப்பர் இருந்தால் போதும். கணினியைத் தொடாமலே பாதி மொழியைக் கற்றுவிடலாம்.

தண்ணீர் எப்படிப் போகிறது

வழக்கமான மொழிகளில் நிரல் மேல்வரியில் தொடங்கிக் கீழே இறங்கும். பிஃபஞ்சில் அப்படி ஒரு விதி இல்லை. நிரலை ஓட்டும் சுட்டி இடது மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான் உறுதி. அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் உள்ள குறி சொன்னதைச் செய்துவிட்டு, போய்க்கொண்டிருந்த திசையிலேயே அடுத்த கட்டத்துக்குப் போகும். திசையைத் திருப்ப அம்புகள் இருக்கின்றன: வலப்பக்கம் >, இடப்பக்கம் <, மேலே ^. கீழே திருப்புவதற்கு ஆங்கிலச் சிறிய ‘வி’ எழுத்து, அதன் வடிவமே கீழ்நோக்கிய அம்புதான். வெற்றுக்கட்டத்தில் எதுவும் நடக்காது. சுட்டி தாண்டிப் போய்விடும்.

வாய்க்காலில் வரும் தண்ணீரை மதகுகள் திருப்புவதுபோல இந்த அம்புகள் சுட்டியைத் திருப்புகின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நாலாகப் பிரிந்து ஒரே நேரத்தில் நாலு பக்கமும் ஓடும். பிஃபஞ்சில் சுட்டி ஒன்றே ஒன்று. அது பிரியாது, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும். நாலு பக்கத்தில் எது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவுசெய்ய ? என்று ஒரு குறியும் உண்டு. பகடை உருட்டும் நிரல்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

விளிம்புக்குப் போனால்? கடைமடைக்குப் போன தண்ணீர் கடலில் கலக்காமல் மறுபடி தலைமடையில் வந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தைத் தாண்டினால் அதே வரியின் இடது ஓரத்தில் வரும். கீழ் ஓரத்தைத் தாண்டினால் அதே பத்தியின் மேல் ஓரத்தில் வரும். நிரலை நிறுத்துவது @ குறி மட்டும்தான். அதைப் போட மறந்தால் நிரல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக எழுதுபவர்களின் முதல் நிரல் பெரும்பாலும் நிற்காமல் எண்களைக் கொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

மூட்டை அட்டி

எண்களை வைத்துக்கொள்ளும் முக்கியமான இடம் ஸ்டாக். கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டைகளை அட்டி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசியாக ஏற்றிய மூட்டைதான் முதலில் இறங்கும், நடுவிலிருந்து உருவ முடியாது. 0 முதல் 9 வரை எந்த இலக்கத்தின் மேல் சுட்டி வந்தாலும் அந்த எண் அட்டியில் ஏறும். + குறி மேலிருந்து இரண்டு எண்களை இறக்கி, கூட்டி, விடையை ஏற்றும். கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவற்றுக்கு -, *, /, %. முழு எண்கள் மட்டும்தான், தசமம் கிடையாது.

இந்த வரிசை மற்ற மொழி பேசுபவர்களைத்தான் குழப்பும். நாம் பேசுவதே இப்படித்தான்: மூன்றையும் நான்கையும் கூட்டு. பொருள்கள் முதலில், வினை கடைசியில். பிஃபஞ்சிலும் 34+ என்றுதான் எழுத வேண்டும். ‘பத்திலிருந்து மூன்றைக் கழி’ என்பதிலும் எதிலிருந்து என்பதை முதலில் ஏற்றி, எதைக் கழிக்க வேண்டும் என்பதை அடுத்து ஏற்றினால் சரியாக வரும். இந்த ஒரு பழக்கத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு நல்ல முன்தொடக்கம் இருக்கிறது.

இனி ஒரு முழு நிரல். வேலியை மாவாக மாற்றுவது:

```
&45**.@
```

& குறி தட்டச்சு செய்யும் எண்ணை வாங்கி ஏற்றும். 4, 5 ஏறும், * அவற்றை 20 ஆக்கும். அடுத்த * உள்ளீட்டையும் 20ஐயும் பெருக்கும். புள்ளி விடையை அச்சிட்டு, பின்னால் ஓர் இடைவெளியும் விடும். @ நிறுத்தும். 3 கொடுத்தால் 60 வரும்.

நேராக 20 என்று ஏன் எழுதவில்லை? ஒரு கட்டத்தில் ஒரு குறிதான் இருக்கும். 20 என்று எழுதினால் முதலில் 2 ஏறும், பிறகு தனியாக 0 ஏறும். உள்ளீட்டைப் பூச்சியத்தால் பெருக்கிவிட்டு, ஏன் எப்போதும் 0 வருகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய எண் ஒவ்வொன்றையும் இலக்கங்களிலிருந்து கட்டித்தான் ஆக வேண்டும். 12க்கு 26*, 17க்கு 98+, 100க்கு 455** என்று. இதற்குக் கொஞ்சம் கை பழக வேண்டும். பழகியபின் சுகமான வேலை.

அடுத்தது மரக்காலைக் கலமாக்குவது. 12 மரக்கால் ஒரு கலம். எத்தனை கலம், மீதி எத்தனை மரக்கால்?

```
&:26*/.26*%.@
```

இங்கே புதிதாக வருவது : குறி. மேலே இருப்பதை இன்னொரு படி எடுத்து ஏற்றும். 100 கொடுத்து அட்டியைப் பின்தொடர்வோம். வாங்கியதும் 100. படி எடுத்ததும் 100, 100. 26* முடிந்ததும் 100, 100, 12. வகுத்ததும் 100, 8. புள்ளி 8ஐ இறக்கி அச்சிடும், 100 மிஞ்சும். மறுபடி 26* ஆனதும் 100, 12. மீதி எடுத்தால் 4. அதுவும் அச்சாகும். திரையில் 8 4. அந்த : இல்லாவிட்டால் வகுத்தலிலேயே 100 செலவாகிவிடும், மீதி பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு குறி எதைத் தின்றுவிடுகிறது என்பதைக் கவனிப்பதில்தான் பிஃபஞ்ச் எழுதுபவரின் பாதி நேரம் போகும். மேல் இரண்டு மூட்டைகளை இடம் மாற்ற \ குறியும், மேலே உள்ளதைத் தூக்கி எறிய $ குறியும் இருக்கின்றன.

இந்த நிரலை நோட்டில் எழுதி, புளியங்கொட்டையைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, ஓரத்தில் அட்டியை எழுதி அழித்துப் பாருங்கள். திரையில் பத்து நிரல் ஓட்டுவதைவிட இது ஒருமுறை செய்வது மேல்.

எழுத்துகளும், தாண்டும் கட்டமும்

இரட்டை மேற்கோளுக்குள் சுட்டி போகும்போது எந்தக் குறியும் வேலை செய்யாது. ஒவ்வொன்றின் ஆஸ்கி எண்ணும், அதாவது அந்த எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் எண், அட்டியில் ஏறும். மேற்கோளுக்கு வெளியே 6 என்றால் ஆறு. உள்ளே 54. அட்டியிலிருந்து ஒன்றை எழுத்தாக அச்சிடக் காற்புள்ளி. மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கப்படும் வழக்கமான நாளை அச்சிடும் நிரல் இது:

```
"6-21">:#,_@
```

கடைசியில் ஏறியது முதலில் இறங்கும் என்பதால் திருப்பி எழுதியிருக்கிறது. 12-6 என்று வரும். இதில் இரண்டு புதிய குறிகள். _ குறி மேலிருந்து ஒன்றை இறக்கிப் பார்க்கும். 0 என்றால் வலப்பக்கம், வேறு எதுவானாலும் இடப்பக்கம் சுட்டியைத் திருப்பும். # குறி அடுத்த கட்டத்தைத் தொடாமல் தாண்டச் செய்யும். குறுக்கே ஓடும் வடிகாலை வாய்க்கால் சைபன் வழியாகக் கடப்பது மாதிரி, நடுவில் உள்ளது அப்படியே இருக்கும்.

இப்போது > குறியிலிருந்து நடந்து பாருங்கள். : படி எடுக்கிறது. # காற்புள்ளியைத் தாண்டி _ மேல் விடுகிறது. அட்டியில் எழுத்து இருப்பதால் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பி வரும் வழியில் காற்புள்ளி அகப்படுகிறது, ஓர் எழுத்து அச்சாகிறது. அடுத்து #, இந்தத் திசையில் : குறியைத் தாண்டுகிறது. > மறுபடி வலப்பக்கம் திருப்புகிறது. ஒரே # போகும்போது ஒன்றையும் வரும்போது இன்னொன்றையும் மறைக்கிறது. காலி அட்டியிலிருந்து எதை இறக்கினாலும் 0 கிடைக்கும் என்பது விதி. எழுத்துகள் தீர்ந்ததும் _ அந்த 0ஐப் பார்த்து வலப்பக்கம் விட, @ வந்து நிற்கிறது. ஆறு கட்டத்துக்குள் ஒரு முழுச் சுழற்சி. பிஃபஞ்சின் அழகு எது என்று கேட்டால் காட்ட வேண்டிய வரி இதுதான்.

இதே உத்தியைக் கொஞ்சம் நீட்டினால், போகும்போது மட்டும் வேலை செய்து வரும்போது எதையும் தொடாத ஒருவழிப் பாதை கிடைக்கும்:

```
9>:# .# 1# -# :# _@
```

9 முதல் 1 வரை இறங்குமுகமாக அச்சிடும். ஒவ்வொரு # குறிக்குப் பின்னும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. போகும்போது # அந்த வெற்றிடத்தைத் தாண்டும். திரும்பும்போது # தனக்கு இடப்பக்கம் உள்ள கட்டளையைத் தாண்டும். அந்த வெற்றிடங்களில் ஒன்றை நீக்கினாலும் நிரல் கெடும். மற்ற மொழிகளில் இடைவெளி அழகுக்கு. இங்கே அது வரப்பு மாதிரி, ஒன்று நகர்ந்தால் பக்கத்து வயலே மாறிவிடும்.

அதனால்தான் எடிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். டேப் விசையைத் தொடாதீர்கள். அது பார்வைக்கு எட்டு இடைவெளி, நிரலுக்கு ஒரே ஒரு கட்டம், கீழ்வரிகளோடு பொருந்தாது. கைபேசியில் எழுதினால் விசைப்பலகை நேர்மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். அந்த வளைந்த குறி பிஃபஞ்சுக்குத் தெரியாது. வாட்ஸப்பில் அனுப்பிய நிரல் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் ஓடாமல் போகிறது. மேற்கோளைத் திறந்து மூட மறந்தால் நடப்பது இன்னும் விசித்திரம். சுட்டி வரி முடியும் வரை எல்லாவற்றையும், வெற்றிடங்களைக்கூட 32, 32 என்று, அட்டியில் ஏற்றிக்கொண்டே போய், இடது ஓரத்தில் வந்து, திறந்த மேற்கோளையே மறுபடி சந்திக்கும். இம்முறை அதுவே மூடும் மேற்கோள் ஆகிவிடும். அதற்குப்பின் உங்கள் சொற்கள் எல்லாம் கட்டளைகளாக ஓடத் தொடங்கும்.

தமிழ் எழுத்துகளை மேற்கோளுக்குள் போடலாமா என்பது நியாயமான கேள்வி. பிஃபஞ்ச் நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள்தான் இன்டர்பிரெட்டர். பழைய இன்டர்பிரெட்டர்கள் பைட் கணக்கில் வேலை செய்பவை. ‘காவிரி’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் க, கால், வ, கொக்கி, ர, கொக்கி என்று ஆறு குறி. அந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட், ஆகவே 18 கட்டம். அட்டியில் ஏறி இறங்கும்போது இந்த 18ம் தலைகீழாகி உருத்தெரியாமல் போகும். யூனிகோடு தெரிந்த இன்டர்பிரெட்டரில் ஆறு குறியையும் பின்னிருந்து ஒவ்வொன்றாக எழுதினால் சரியாக அச்சாகும். ஆனால் மேற்கோளுக்குள் உயிர்மெய்க் குறி மெய்க்கு முன்னால் நிற்பதால் திரையில் சிதைந்துதான் தெரியும், தவறு கண்டுபிடிப்பது கடினம். தொடக்கத்தில் எண்களோடு நிற்பதே நல்லது.

நிலத்தையே மாற்றும் இரண்டு எழுத்துகள்

கம்பைலருக்குக் கடினம் என்று சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. ஆங்கிலச் சிறிய ‘ஜி’ ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அட்டியில் ஏற்றும். ‘பி’ அட்டியிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து ஒரு கட்டத்தில் எழுதிவிடும். பத்தி எண், வரி எண் என்ற வரிசையில் ஏற்ற வேண்டும், இரண்டும் 0இலிருந்து தொடங்கும். ‘பி’க்கு அவற்றுக்கும் முன்னால் எழுதவேண்டிய மதிப்பு. நிரல் இருப்பதும் அதே கட்டங்களில்தான் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னுடைய + குறியை - ஆக மாற்றிவிட முடியும். முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்த எந்த வடிவமும் அந்தக் கணமே பொய்யாகிவிடும்.

நல்ல பயன்பாடு வேறு. அட்டியின் நடுவிலிருந்து உருவ முடியாது என்பதால், வைத்து எடுக்க வேண்டிய எண்களுக்கு யாரும் நடக்காத ஒரு மூலைக் கட்டத்தைக் களஞ்சியமாக ஒதுக்கிக்கொள்வார்கள். ஒரு கட்டம் ஒரு பைட் மட்டுமே கொள்ளும் என்பதை மறந்து 1000ஐப் போட்டால் வேறு ஏதோ ஓர் எண் திரும்ப வரும். 93ஆம் ஆண்டு வடிவத்தின் 2000 கட்ட எல்லை பின்னர் வந்த ஃபஞ்ச்-98ல் நீக்கப்பட்டது. கற்க 93 போதும்.

மேலா, கீழா

இதுவரை ஒற்றை வரியிலேயே நின்றோம். இப்போது மூன்று வரி. நேரடி நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. எண்ணைக் கொடுத்தால், ஈரம் அதிகம் என்றால் 1, சரி என்றால் 0 என்று சொல்லும் நிரல்:

```
|     >1.@
>&98+`|
      >0.@
```

| குறி _ குறியின் அண்ணன். இறக்கிய எண் 0 என்றால் கீழே, இல்லையென்றால் மேலே. இடது மேல் மூலையில் சுட்டி தொடங்கும்போது அட்டி காலி, காலி என்றால் 0, ஆகவே உடனே கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் ‘வி’ எழுத்தைப் போடுவதே வழக்கம், பலன் ஒன்றுதான். இரண்டாம் வரியில் எண்ணை வாங்கி, 17ஐக் கட்டி, விசைப்பலகையில் 1க்கு இடப்பக்கம் உள்ள அந்தச் சாய்ந்த குறி முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதா என்று பார்க்கிறது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 ஏறும். இரண்டாவது | அதைப் பார்த்து மேலேயோ கீழேயோ அனுப்புகிறது.

மூன்று வரியிலும் அந்த ஏழாவது பத்தி ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மேல்வரியில் ஓர் இடைவெளி குறைந்தால், மேலே போகும் சுட்டி > குறியைச் சந்திக்காமல் 1ஐச் சந்திக்கும். அதை ஏற்றிக்கொண்டு திரும்பாமல் மேலேயே போகும், கீழ் ஓரத்தில் நுழைந்து ஏறி, மூன்றாம் வரியில் உள்ள > குறியில் திரும்பி, ஈரநெல்லுக்கு 0 என்று சொல்லிவிட்டு நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான விடை மட்டும் வரும், அதுதான் ஆபத்து. 17.4 போன்ற அளவுகளுக்கு எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி 174 என்று கொடுத்து, 98+ இருந்த இடத்தில் 98+25** என்று எழுதி 170ஓடு ஒப்பிடுங்கள். வரி நான்கு கட்டம் நீளும் என்பதால் மேலும் கீழும் உள்ள > குறிகளையும் அதே நான்கு கட்டம் தள்ள வேண்டும்.

இனி முதல் வரியில் உள்ள @ குறியை மட்டும் அழித்துவிடுங்கள். ஈரநெல் என்றால் சுட்டி 1ஐ அச்சிட்டுவிட்டு வலது ஓரம் வரை ஓடி, இடது மூலைக்குத் திரும்பி, காலி அட்டியோடு | குறியில் விழுந்து, மறுபடி கீழே இறங்கி எண் கேட்கும். 21, 19, 18 என்று கொடுக்கக் கொடுக்க 1, 1, 1 என்று சொல்லிக்கொண்டே இருக்கும். களத்தில் கொட்டிக் காயவைத்து 17க்கு வந்ததும் 0 சொல்லி நிற்கும்.